பத்து ரவுண்டு ஓடினால் வேகம் வருமா?

(விளையாட்டு விழாவுக்கு முந்தைய நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கல்லூரியிலும், பிறகு வங்கி ஊழியர் போட்டிகளிலும் 400 மீட்டர் ஓடியவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஒரு மாதமாகக் காலை ஐந்தரை மணிக்கு ஏ பிளாக்கைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஆளுக்குப் பத்து ரவுண்டு. ஓரத்தில் அப்பாவோ அம்மாவோ கையில் போனுடன் நின்று எண்ணுகிறார். நம் விழாவில் இருப்பதோ 50 மீட்டர் ஓட்டம், ரிலே, சாக்கு ஓட்டம். பத்து விநாடி வேலைக்கு இருபது நிமிடம் மெதுவாக ஓடிப் பழகுகிறார்கள். அந்த ஓட்டம் உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

என் பழைய தொழில் பாஷையில் சொல்கிறேன். தசையில் மூன்று விதமாகப் பணம் இருக்கிறது. முதலாவது கைரொக்கம். கிரியாட்டின் பாஸ்பேட் என்று பெயர். முழு வேகத்தில் ஓடினால் ஏழெட்டு விநாடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரண்டாவது ஓவர் டிராஃப்ட். ஆக்சிஜன் போதாத நிலையில் சர்க்கரையை வேகமாக உடைத்துச் செலவு செய்வது. அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஓடும். அதற்குள் கால் கல்லாகிவிடும். மூன்றாவது மாதச் சம்பளம். மூச்சுக்காற்றை வைத்து நிதானமாக வருவது. பத்து ரவுண்டு பழக்குவது இந்தச் சம்பளக் கணக்கை மட்டும்தான்.

செலவான கைரொக்கம் திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நிமிடமாவது உட்கார வேண்டும். இங்கேதான் நம் பெற்றோருக்குப் பொறுமை இல்லை. பிள்ளை நின்றால் 'என்னடா சோம்பேறித்தனம்' என்கிறார்கள். வேகப் பயிற்சியில் பாதி வேலையே நிற்பதுதான். 30 மீட்டர் முழு மூச்சில் ஓடு, திரும்பி நடந்து வா, மூன்று நிமிடம் நில், மறுபடி ஓடு. ஆறு தடவை. நேரம் கூடத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். களைத்த காலோடு ஓடினால் மெதுவாக ஓடுவதைத்தான் உடம்பு பழகிக்கொள்ளும்.

'கடைசி வரைக்கும் வேகம் ஏறிக்கிட்டே போகணும்' என்று ஒரு அம்மா மகளிடம் சொன்னதைக் கேட்டேன். யாராலும் முடியாதம்மா! 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் உலக சாதனை செய்தாரே, அதில் 60இலிருந்து 80 மீட்டர் வரை அவருக்கு ஆனது 1.61 விநாடி. கடைசி 20 மீட்டருக்கு 1.66. அவருக்கும் வேகம் குறைந்தது. மற்றவர்களுக்கு அதைவிட அதிகமாகக் குறையும், அவ்வளவுதான். அப்படிக் குறைவதைத் தள்ளிப்போடுவதற்குப் பெயர்தான் வேகத் தாக்குப்பிடிப்பு.

அதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எட்டாவது லேனில் ஓடினார். அந்த லேனில் ஓடுபவருக்கு எதிராளிகள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால். யாரையும் பார்த்து ஓட முடியாது. முதல் 200 மீட்டர் சுமார் இருபதரை விநாடி, அடுத்த 200 மீட்டர் சுமார் இருபத்திரண்டரை. மொத்தம் 43.03. 1999இல் மைக்கேல் ஜான்சன் வைத்த 43.18 போயிற்று. அவருடைய பயிற்சியாளர் ஆன்ஸ் போத்தா என்ற அம்மையாருக்கு அப்போது வயது 74. கொள்ளுப்பாட்டி! (கைதட்டல். சீனியர் சிட்டிசன்கள் பக்கம்தான் சத்தம் அதிகம்.) வான் நீகெர்க் முதலில் 200 மீட்டர்க்காரர். தொடையின் பின்தசை அடிக்கடி பிடித்துக்கொண்டதால்தான் அந்த அம்மையார் அவரை 400க்கு மாற்றினார். பதக்கத்துக்கு முன்னால் காலைப் பார்த்தார். பயிற்சியாளர் என்றால் எனக்கு அந்த அம்மையார்தான்.

அதே வான் நீகெர்க் 2017 அக்டோபரில் கேப்டவுனில் ஒரு காட்சிப் போட்டியில் டச் ரக்பி ஆடி முழங்கால் தசைநார் கிழிந்து, நீண்ட காலம் ஓட முடியாமல் போனார். நேராக ஓடும்போது முழங்கால் தாங்கும் பாரம் வேறு, ஓடுகிற வேகத்தில் சட்டென்று நின்று திரும்பும்போது தாங்கும் பாரம் வேறு. உலகிலேயே வேகமான கால் என்பதால் அது தானாக வந்துவிடாது. சுறுசுறுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நிற்கத் தெரிவது. இடுப்பைத் தாழ்த்தி, சின்னச் சின்ன அடி வைத்து, முழங்கால் உள்பக்கம் மடங்காமல் நிற்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கக் கூம்பும் ஏணியும் ஆன்லைனில் வாங்க வேண்டாம். கிளித்தட்டும் கபடியும் பாண்டியும் போதும். எதிரே ஒரு ஆள் ஏமாற்றுகிறானே, அந்தப் பயிற்சியை எந்தக் கூம்பும் தராது.

ஓவர் டிராஃப்ட் பயிற்சி, அதாவது 150 மீட்டர், 200 மீட்டர் என்று மூச்சு முட்ட ஓடவிடுவது, பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். அந்த வயதுத் தசைக்கு அந்த வசதி இன்னும் முழுதாக வரவில்லை. பெரிய பையன்கள் வேண்டுமானால் வாரம் ஒருநாள் 80 மீட்டர் மூன்று தடவை ஓடட்டும், நடுவில் ஆறேழு நிமிட ஓய்வோடு.

இனி நான் கேட்க வந்த விஷயம். இரண்டு பிள்ளைகள் குதிகால் வலி என்று இப்போதே நொண்டுகிறார்கள். வளரும் எலும்பு, தினமும் சிமெண்டுக் கல் தரையில் ஓடினால் வலிக்காமல் என்ன செய்யும்? சி பிளாக் பின்னால் 60 மீட்டர் புல்வெளி இருக்கிறது. 'புல்லில் நடக்காதீர்' என்ற பலகையும் இருக்கிறது. தோட்டக் கமிட்டி அந்தப் புல்லுக்கு எவ்வளவு பாடுபட்டது என்று எனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ள வேண்டாம். திங்கள், புதன், சனி மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை மட்டும் அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். மற்ற நாட்கள் ஓய்வு. விழா முடிந்ததும் புல் போன இடத்தில் புதுப் புல் பதிக்கும் செலவைப் பிள்ளைகள் ஓடும் வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம்; என் பேத்தியும் ஓடுகிறாள், என் பங்கை இன்றே தருகிறேன்.

விசில் ஊதவும் ஓய்வு நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவும் நான் வருகிறேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் செக்யூரிட்டி அறை நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதுங்கள். புல்வெளி பற்றித் தலைவர் இப்போதே கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டுவிட்டால் நல்லது.