வெளிநாட்டில் தொடரும் படிப்பு: புறப்படும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளிநாட்டுக் கல்வி பற்றிப் பேசுமாறு கல்விக் குழுவினர் என்னைப் பணித்தனர். அது கடல் போன்றது. ஆகவே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே கல்லூரியில் ஓராண்டோ ஈராண்டோ படித்தபின், மீதிப் படிப்பை வெளிநாட்டில் தொடர விரும்புவோரின் நிலை என்ன? அவர்களுக்குக் குறைந்த கட்டணக் கல்லூரியும் மதிப்பெண் அடிப்படையிலான உதவித்தொகையும் கிடைக்குமா? அண்மைக் காலத்தில் என்னிடம் வந்த பெற்றோரில் பலர் கேட்டது இதைத்தான்.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தந்தை அச்சகத்தில் ஆப்செட் இயந்திரம் ஓட்டுகிறார். மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஏஜென்ட் ஒருவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கடிதத்தைக் காட்டி, "ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது, இன்னும் இரண்டே ஆண்டு, 41 லட்சத்தில் முடிந்துவிடும்" என்று கூறியிருக்கிறார். தந்தை சாத்தூர் சாலையில் இருந்த மனையை விற்க விலை பேசிவிட்டு, கடிதத்தை ஒருமுறை படித்துச் சொல்லும்படி என்னிடம் வந்தார்.

படித்தேன். ஆண்டுக் கட்டணம் 32,000 டாலர். உதவித்தொகை 8,000 டாலர். ஏஜென்ட் மீதி 24,000-ஐ இரண்டால் பெருக்கியிருந்தார். ஆனால் இங்கே படித்த ஈராண்டில் ஓராண்டுக்குரிய பாடங்களையே அக்கல்லூரி ஏற்றிருந்தது. ஆக, படிக்க வேண்டியது மூன்று ஆண்டு. தங்கவும் உண்ணவும் ஆண்டுக்கு 12,000 டாலர் என்று கடிதத்தின் கீழ்ப்பகுதியிலேயே அச்சிட்டிருந்தது. மூன்றாண்டுக்கும் கூட்டினால் 1,08,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் ஏறத்தாழ 92 லட்சம்! அதுவும் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட சராசரி மதிப்பெண் எடுத்தால்தான் உதவித்தொகை தொடரும். தந்தை நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லவேளை, முன்பணம் வாங்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

நம் ஊரில் ப்ரூப் பார்க்காமல் யாரும் பிளேட் போடுவதில்லை. காலண்டரில் ஒரு தேதி பிசகினால் கட்டுக்கட்டாகக் கழிவுத்தாள் ஆகிவிடும் என்பது நமக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக் கடிதத்தை மட்டும் ஏனோ ப்ரூப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் வேண்டும். அவற்றில் ஒரு பகுதியை, பல இடங்களில் பாதியை, பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்தாக வேண்டும். நம் பல்கலைக்கழகத்தில் படித்த பாடங்களில் எவை ஏற்கப்படும் என்பதை அக்கல்லூரிதான் முடிவு செய்யும். அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. பாடத்திட்ட நகலும் வேண்டும். பல கல்லூரிகள், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் வழியாகப் பாடவாரியான அறிக்கையும் கேட்கின்றன. ஆகவே "உதவித்தொகை எவ்வளவு?" என்பது இரண்டாவது கேள்வி. "என் கிரெடிட்டில் எத்தனை ஏற்பீர்கள்?" என்பதே முதல் கேள்வி. அதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உதவித்தொகையிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய தொகைகள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்து நேராக முதலாண்டில் சேர்வோருக்கே ஒதுக்கப்படுகின்றன. இடையில் சேர்வோருக்கு உள்ளவை எண்ணிக்கையிலும் தொகையிலும் குறைவு. அவற்றிலும் சில, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. விண்ணப்பத்தின் கடைசித் தேதி வேறு, உதவித்தொகையின் கடைசித் தேதி வேறு. பின்னது பெரும்பாலும் முன்னதாகவே முடிந்துவிடும். பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டிவிடலாம் என்று நினைப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமே வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்திற்கு ஆகாது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. அங்கு 60 கிரெடிட் முடித்து, முன்னரே உடன்பாடு உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு மாறலாம். அங்கே 3.5 அளவில் சராசரி வைத்திருந்தால், மாறிவரும் மாணவருக்கென்றே உள்ள உதவித்தொகைகளுக்குத் தகுதி கிடைக்கும். ஆனாலும் முதலாண்டுச் செலவுக்கான பணம் கையில் இருப்பதைக் காட்டினால்தான் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவமே தருவார்கள்.

ஜெர்மனியின் நிலை வேறு. மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியின் பெயரை நாள்தோறும் சொல்கிறோம். அதிலுள்ள ஷ்லெங்க், உலோகத்தூள் செய்யும் ஜெர்மன் நிறுவனத்தின் பெயர். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. நம் பிளஸ் டூ மட்டும் அங்கே நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. இங்கே அங்கீகாரமுள்ள பல்கலைக்கழகத்தில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்தவர், அதே துறையில் அங்கே விண்ணப்பிக்கலாம். ஆக, இங்கே படித்த ஓராண்டு அங்கு நுழைவுத் தகுதியாகிறது. அதற்கு மூன்று தேவைகள் உண்டு. 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஓரிரு ஆண்டுகள் முயன்று அம்மொழியைக் கற்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக்காக முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ, ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், முன்கூட்டியே போட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் அது மாணவருக்கே திரும்ப வரும்.

இனி மருத்துவம். இங்கே என் குரலைச் சற்று உயர்த்தியே சொல்கிறேன். 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைனில் போர் மூண்டது. 22,000-க்கும் மேற்பட்ட இந்தியர் தாயகம் மீட்கப்பட்டனர். அவர்களில் 1,800-க்கும் மேற்பட்டோர் தமிழக மாணவர்கள். இந்தியக் கல்லூரிகளில் இடம் தருமாறு அவர்கள் கேட்டனர்; விதியில் இடமில்லை என்று மறுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், பட்டத்தை உக்ரைன் கல்லூரியே தரும் என்ற ஏற்பாட்டில் வேறு நாட்டில் தற்காலிகமாகப் படிக்க மட்டும் தேசிய மருத்துவ ஆணையம் இசைந்தது. போர் யார் கேட்டும் வருவதில்லை. அம்மாணவர் மீது குற்றமும் இல்லை. ஆனால் 2021 நவம்பரில் வெளியான விதிகளை முன்பே அறிந்திருந்தால், மாறுவதற்கு வழி எவ்வளவு குறுகலானது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். அவ்விதிகளின்படி 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் வெளிநாட்டில் ஒரே கல்லூரியில் முடிய வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் இங்கு மேலும் 12 மாதப் பயிற்சி உண்டு. 300 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வில் 150 மதிப்பெண் எடுக்க வேண்டும். 2023 ஜூன் தேர்வில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில்தான் தேறினர். "கட்டணம் குறைவு, பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு நாட்டுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று மருத்துவத்திற்கு எவரேனும் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருப்பதையும், முஸ்லிம்களுக்குரிய 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருப்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்னோர் ஆண்டு நீட் தேர்வுக்குப் படிப்பது அவமானம் அன்று.

பணத்திற்கு வருகிறேன். வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றும் அதை வைத்து ஆசை காட்டுவோர் உள்ளனர். அது நடந்த காலத்திலும் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. தமிழக அரசு 2025-இல் அறிவித்த வெளிநாட்டுக் கல்வி உதவியும் முதுநிலைக்கே. ஆக, இளநிலையை இங்கேயே குறைந்த செலவில் முடித்து முதுநிலைக்குச் செல்வோருக்குத்தான் கதவுகள் அதிகம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை இங்கே உண்டு. பாதியில் வெளியேறினால் அதையும் இழக்கிறோம். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் இருக்கிறது. வட்டி உண்டு என்பதால் தயங்குவோர் நம்மில் உள்ளதை அறிவேன். வட்டியில்லாக் கல்விக் கடனுக்கென நம் ஜமாஅத்திலேயே ஒரு நிதி தொடங்குவது பற்றி நிர்வாகம் ஆலோசிக்க வேண்டுகிறேன். பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருமானம் தருபவை அல்ல. தவணை தவறும் மாதங்கள் வரத்தான் செய்யும்.

மாறுவது என்று உறுதியாக முடிவெடுத்தவர்களுக்கும் ஒரு சொல். விசா கைக்கு வரும்வரை இங்குள்ள கல்லூரியில் டி.சி. வாங்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

நான் சொன்ன அந்த மாணவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். மனை விற்கப்படவில்லை. அவர் இங்கேயே இறுதியாண்டு படிக்கிறார். ஞாயிறுதோறும் ஜெர்மன் மொழி வகுப்புக்குச் செல்கிறார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அறையில் நானும் கல்விக் குழுவினர் இருவரும் இருப்போம். மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட நகல், வந்த கடிதங்கள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வாருங்கள். கட்டிவிட்டிருந்தாலும் தயங்காமல் வாருங்கள். வஸ்ஸலாம்.