முறத்தில் பிரிவதும் முறத்தில் பிரியாததும்
(வீரபாண்டியில் ஆற்றிய உரை)



கலந்ததைப் பிரிக்கும் கலை பொறியியற் கல்லூரியிற் பிறந்ததன்று. பதர் போகப் புடைக்கிறோம், குருணை ஒதுங்கக் கொழிக்கிறோம், மாவைச் சலிக்கிறோம், கல் அடியில் தங்க அரிசியை நீரில் அரிக்கிறோம், கஞ்சியை வடிக்கிறோம், தெளிந்த நீரை மேலாக இறுத்துக்கொள்கிறோம். வினைதோறும் தனிச்சொல்! இத்தனை செல்வத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு, ஆலைக்குள் நுழைந்ததும் 'பில்ட்டர்' என்று கடன் கேட்பானேன்?

இவையனைத்தும் பருமன், எடை ஆகியவற்றின் வேற்றுமையால் நிகழ்வன. நம் ஊர்ச் சிக்கலோ அவற்றிற்கு அடங்காதது. பருத்தித் துணியிற் சாயம் ஏற உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. கழிவுநீரிற் கரைந்தே வெளியேறுகிறது. கரைந்த உப்பு தொட்டியடியிற் படியாது. மணலில் வடித்தாலும் நில்லாது. நிறம் நீங்கித் தெளிந்த நீரும் உப்புநீரே. நமக்குக் கிழக்கே நொய்யலில் 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை உழவர்க்கு நீர் தர எழுந்தது. சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அந்நீர் பாய்ந்த நிலமும் கிணறும் கெட்டன.

2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின்னரே, ஒரு துளியும் வெளிவிடாத முறை இங்கு வேரூன்றியது. படியவைத்து வடித்த நீரை நுண்சவ்வின் வழியே பேரழுத்தத்தால் செலுத்துகிறார்கள். நல்ல நீர் கடந்துவிடுகிறது. எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்கிறார்கள். பொருட்செலவு பெரிதுதான், ஆறு அதனினும் பெரிது. ஆயினும், மீண்டும் பயன்படாத கலப்புப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. அதனைப் பிரிக்க வழி காணும் இளைஞர் இவ்வவையில் இருப்பின் எழுந்து வருக. அவர்க்குச் சொல் தேடித்தர யான் உடனிருப்பேன்.