மாதவிடாய் வலியும் மழமழப்பான தசையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவியருக்காக நடைபெற்ற கருத்தரங்கில், மருத்துவத் துறையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் ஆசிரியை மூன்று வகைத் தசைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, மழமழப்பான தசையை நாங்கள் அவசரமாகவே படித்து முடித்தோம். வரிகள் இல்லை, கதிர் வடிவக் கலங்கள், இச்சையின்றி இயங்கும். பரீட்சைக்கு அவ்வளவு போதும். எங்களில் பலரை மாதத்தில் இரண்டு நாள் நோயாளர் அறைக் கட்டிலில் சுருண்டு படுக்க வைப்பது அந்தத் தசைதான் என்று யாரும் சொல்லவில்லை. 'சுகமில்லை' என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடும்.

மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் குறைகிறது. உடனே கருப்பையின் உட்சுவரில் அழற்சியை ஒத்த ஒரு மாற்றம் தொடங்குகிறது. கலமென்சவ்விலுள்ள கொழுப்பிலிருந்து புறொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதற்கும் காய்ச்சல் எழுவதற்கும் காரணமான அதே குடும்பந்தான். ஆனால் காயத்தில் குருதிக் கலன்களை விரியச் செய்யும் இக்குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர், கருப்பையில் அவற்றை இறுக்குகிறது. கூடவே கருப்பைத் தசையையும் சுருக்குகிறது. கடும் வலி உள்ளவர்களில் கருப்பைக்குள் அமுக்கம் 150 மில்லிமீற்றர் இரசத்துக்கும் மேலே போவதை அளந்திருக்கிறார்கள். எங்கள் குருதியமுக்கத்தின் மேல் அளவே சாதாரணமாக 120தான். பிழியப்படும் தசைக்குக் குருதி எப்படிப் போகும்? ஒட்சிசன் இல்லாத தசை நோகிறது. அப்பொருள்கள் குடலின் தசையையும் தொடுவதால் சிலருக்கு வயிற்றோட்டமும் சேர்ந்து வரும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1930களில் சுவீடன் நாட்டு ஊல்ஃப் வொன் ஒய்லர், முன்னிற்கும் சுரப்பியிலிருந்து இப்பொருள் வருவதாக எண்ணி அதன் பெயரையே வைத்துவிட்டார். அது ஆண்களிடம் மட்டும் உள்ள சுரப்பி! 1957இல் இங்கிலாந்தில் வி. ஆர். பிக்கிள்ஸ், மாதவிடாய்க் குருதியில் மழமழப்பான தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதை அறிவித்தார். அது புறொஸ்ரகிளாண்டின் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1971இல் ஜோன் வேன், அஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

'உண்டாவதையே தடுக்கின்றன' என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே உண்டானதை மெபனமிக் அமிலமோ இபுபுறோபனோ அழிப்பதில்லை. தாங்க முடியாமற் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து பிறகு குளிசை போட்டால் பயன் குறைவு. வலி தொடங்கும்போதே, வைத்தியர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்த்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. எங்கள் நாட்டில் இன்னொன்றும் உண்டு. மாதவிடாயோடு காய்ச்சலும் வந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை இக்குளிசைகள் வேண்டாம், குருதிப்பெருக்கு ஆபத்தாகலாம். பரசிற்றமோல் மட்டும் எடுத்து வைத்தியரிடம் போங்கள்.

அம்மம்மாமார் தந்த சுடுதண்ணிப் போத்தலை நாங்கள் மருத்துவபீடத்துக்குப் போன புதிதில் சிரித்து ஒதுக்கினோம். அது எங்கள் அவசரப் புத்தி. அடிவயிற்றில் வைக்கும் சூடு வலியைத் தணிக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தவணைப் பரீட்சையொன்றில் பாதி எழுதியபடி மேசையில் தலை சாய்த்துவிட்டாள். நடிப்பு என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களின் பின், பிள்ளை இல்லையென்று சிகிச்சைக்குப் போன இடத்தில்தான், அவளுக்கு எண்டோமெற்றியோசிஸ் என்று கண்டார்கள். கருப்பையின் உட்சுவரை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. வலி வருடத்துக்கு வருடம் கூடினால், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நொந்தால், குளிசைக்கு அடங்காவிட்டால், பள்ளிக்கு வரமுடியாமற் செய்தால், 'கலியாணம் கட்டினால் சரியாகும்' என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண்நோயியல் வைத்தியரிடம் போங்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சமென்றால் எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். நாங்கள் அம்மாவோடு பேசுகிறோம்.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். நோயாளர் அறைக்குப் போகக் கேட்கும் பிள்ளையிடம் வகுப்பின் முன்னால் காரணம் கேட்காதீர்கள். அந்த அறைக்கு இரண்டு கட்டில்களும் சுடுதண்ணிப் பைகளும் ஒரு கேத்தலும் வாங்கித் தருவதாக எங்கள் அணியினர் முடிவு செய்திருக்கிறோம்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு நாங்கள் இங்கேயே இருப்போம். வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. கேள்விகளைப் பெயர் எழுதாமல் போடலாம்.