குப்பிக்குள் காத்திருந்த விடை



அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில் ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாக்களில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக இயங்கின. 1940களில் மத்தி வரத்து சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்தார்களா, கடல் மாறிவிட்டதா? பிடித்த மீனுக்குக் கணக்கு இருந்தது. கடலில் இருந்த மீனுக்கு இல்லை. அதனால் விடை கிடைக்கவில்லை.

1949இல் அரசு மீன்வளத் துறைகளும் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனமும் இணைந்து 'கால்கோஃபி' என்ற ஆய்வைத் தொடங்கின. குறித்த இடங்களுக்குக் கப்பலில் சென்று, நுண்ணிய கண்ணுள்ள வலையை இழுத்து, மீன் முட்டைகளையும் லார்வாக்களையும் எண்ணினார்கள். ஏன் லார்வா? பாறை மீன், ஆழ்கடல் மீன், நெத்திலி என வளர்ந்த மீன்கள் வெவ்வேறு இடங்களில் வாழ்கின்றன. அவற்றில் பலவற்றின் லார்வாக்களோ மேல்மட்ட நீரில் ஒன்றாக மிதக்கின்றன. ஒரே வலையில், யாரும் விலைக்கு வாங்காத மீனும் கணக்கில் வந்துவிடும். லார்வா எண்ணிக்கையைக் கொண்டு முட்டையிட்ட தாய் மீன்களின் அளவையும் மதிப்பிடலாம்.

எண்ணி முடித்த மாதிரிகளை ஃபார்மலின் குப்பிகளில் பாதுகாத்தார்கள். அரை நூற்றாண்டுப் பதிவு பேசத் தொடங்கியது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே கடலில் பிடிக்கப்படாத மீன்களைவிடப் பிடிக்கப்படும் மீன்களின் எண்ணிக்கை அதிகமாக ஏறி இறங்குவதைக் காட்டியது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு 43 மீனினங்களைப் பார்த்தது; அவற்றின் லார்வாக்கள் தோன்றும் பருவ நிகழ்வுகளில் 39 விழுக்காடு முன்பைவிட ஆண்டின் முற்பகுதியிலேயே நிகழ்ந்தன. லார்வா முந்திக்கொண்டு, அதன் இரையான நுண்ணுயிர்கள் முந்தாவிட்டால், குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

1949இல் வலை இழுத்தவர்கள் பருவநிலை மாற்றத்தை நினைத்து இழுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கான விடை அவர்கள் வைத்த குப்பிகளில் இருந்தது. 1970களில் செலவு கருதி மூன்றாண்டுக்கு ஒரு முறை மட்டும் கப்பல் அனுப்பினார்கள். விடுபட்ட ஆண்டுகளை இனி யாராலும் எண்ண முடியாது.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கப்பல் தேவையில்லை. பள்ளி வேம்பு முதலில் பூக்கும் நாள், மழைமானியில் விழுந்த அளவு, கிணற்றின் நீர்மட்டம்: ஏதேனும் ஒன்றை, ஒரே இடத்தில், ஒரே முறையில் மாணவர்கள் ஆண்டுதோறும் குறிக்கட்டும். முறையை மாற்ற நேர்ந்தால் அதையும் எழுதட்டும். நாம் பணிமாறுதலில் போவோம். அந்த நோட்டு பள்ளியிலேயே இருக்கட்டும். அடுத்து வருபவர் அதே பக்கத்தில் தொடரட்டும்.