வீட்டுக்கு அடியில் ஒரு கசிவு



இங்கே சன்னிவேலில் மொபைல் ஹோமில் தனியாக இருக்கும் நம் சபைப் பாட்டி ஒருவர், "குளியலறைத் தரை கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதம்மா" என்றார். பல மாதமாக அப்படித்தானாம். பிறருக்கு ஏன் தொந்தரவு என்று சொல்லாமல் இருந்துவிட்டார். தரை உள்வாங்கி விழுந்துவிடுவாரோ என்று நர்ஸாகிய எனக்குப் பயம்.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தோம். அதிலுள்ள சிறு முக்கோணம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சகோதரர் ஒருவர் டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனார். அங்கே கட்டியிருந்த கறுப்பு விரிப்பு, தண்ணீர் சேர்ந்து வயிறு போலத் தொங்கியது. அதற்கு மேலே, சாம்பல் நிறக் குழாயின் இணைப்பில் கசிவு.

அது 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் போட்ட பாலிபியூட்டிலீன் குழாய். தண்ணீரில் உள்ள குளோரின் அதை உள்ளிருந்தே கெடுக்கும், வெளியே தெரியாது. டேப் சுற்றினால் நிற்காது. மெயின் வால்வை மூடி, கெட்ட துண்டை வெட்டி எடுத்து, அதற்கேற்ற இணைப்புகளோடு பெக்ஸ் குழாய் பொருத்தினார். திரும்ப மீட்டரைப் பார்த்தோம். முக்கோணம் நின்றிருந்தது. மற்ற இணைப்புகளையும் மாற்றவேண்டும். ஊறிய தரைப் பலகையையும் மாற்றவேண்டும்.

சீழை உள்ளே வைத்துக் கட்டுப் போடாதே என்று லண்டனில் படித்தபோது எனக்குச் சொல்லித் தந்தார்கள். பெரியவர்களே, கசிவானாலும் வலியானாலும் முதல் வாரமே சொல்லுங்கள். அது தொந்தரவு அல்ல. பிள்ளைகளே, நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் வருடத்தில் 3,000 காலனுக்கு மேல் வீணாகும். இன்று வீட்டுக்குப் போனதும் மீட்டரைப் பாருங்கள். அப்படியே ஒரு பாட்டியிடம், "தரை எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.

கர்த்தர் நம் வீடுகளைக் காப்பாராக. ஆமென்.