நூத்துக்கு எத்தனை பிள்ளைக்கு ஏடிஹெச்டி?

போன மாசம் மூலக்குளத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒண்ணாவது படிக்கிற பையனோட டைரியில மிஸ் எழுதியிருந்தாங்க: "ஒரு இடத்தில் உட்காருவதில்லை. டாக்டரிடம் காட்டவும்." அதைக் காட்டி அக்கா கேட்டாங்க, "இப்பல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் இது வருதாடா? நான் போன் குடுத்ததாலயா?"

எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. உலக அளவுல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, நூத்துக்கு சுமார் அஞ்சு பேர். ஆனா கோயம்புத்தூர்ல 770 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களைப் பார்த்து 2013-ல வெளியான ஆய்வுல 11.32 சதவீதம். சிறுவாணித் தண்ணி மேல பழி போடாதீங்க! அங்க எண்ணினது பெற்றோரும் ஆசிரியர்களும் நிரப்பின கேள்வித்தாளை வெச்சு. டாக்டர் முடிவு பண்றதுன்னா இன்னும் கறாரா இருக்கும். 12 வயசுக்கு முன்னாடியே தொடங்கியிருக்கணும், ஆறு மாசமாவது நீடிக்கணும், வீடு, பள்ளின்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், அதனால பிள்ளையோட படிப்போ பழக்கமோ பாதிக்கப்படணும். சல்லடைக் கண்ணு மாறினா எண்ணிக்கையும் மாறும்.

காரணம்னு பார்த்தா, பெரும்பங்கு மரபணு. இரட்டையர் ஆய்வுகள் எழுபது, எண்பது சதவீதம்னு சொல்லுது. குறைமாசத்துல, எடை குறைவா பிறந்த பிள்ளைங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். போனைக் குறைக்கிறது நல்லதுதான், ஆனா அக்கா அதுக்காகக் குற்றவுணர்ச்சியில அழ வேண்டியதில்லை.

எனக்கு ஆச்சரியமா இருந்தது பிறந்தநாள் விஷயம். அமெரிக்காவுல செப்டம்பர் 1-ஐ வெச்சு பள்ளியில சேர்க்கிற மாநிலங்கள்ல, ஆகஸ்ட்ல பிறந்தவங்களுக்கு ஏடிஹெச்டின்னு சொல்றது செப்டம்பர்ல பிறந்தவங்களைவிட 34 சதவீதம் அதிகம். 2018-ல வந்த ஆய்வு இது. வகுப்புலயே சின்னவங்க, கிட்டத்தட்ட ஒரு வயசு இளையவங்க. அந்தத் துறுதுறுப்பு வயசாலயும் இருக்கலாம் இல்லையா? நம்ம பையனும் அவன் வகுப்புல கடைக்குட்டி.

அப்புறம் கோவை ஆய்வுல இன்னொண்ணு: இருக்குன்னு சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பசங்க. பெண் பிள்ளைங்களுக்குக் குறைவுதான், சரி. ஆனா ஓடாம, கத்தாம, ஜன்னலையே பார்த்துட்டு இருக்கிற பிள்ளையை யாரு டாக்டர்கிட்ட அனுப்புவா? இதைப் படிக்கும்போது எனக்கு அவனோட அக்கா ஞாபகம் வந்துச்சு. ஆறாவது படிக்கிறா. வாரத்துக்கு ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் தொலைப்பா, நோட்ஸ் பாதியில நிக்கும். அவ டைரியில எப்பவும் ஒரே வரி: "அமைதியான பெண்."

ஜிப்மர் கோரிமேட்டுலதான் இருக்கு, தூரம் இல்லை. ரெண்டு பேரையும் காட்டிடலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க.