காற்றில் கரையும் பெட்ரோல்



பல ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காரணத்தை அறியுமுன் காரியத்தில் இறங்காதீர்கள் என்று கரும்பலகையின் முன் நின்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்பாடத்தை நானே மறந்து, கொடைக்கானலில் ஒரு மெக்கானிக்கிடம் அதை மீண்டும் கற்றுக்கொண்டேன். அந்த வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன்.

சென்ற சித்திரையில், பழனியிலிருந்து குடும்பத்துடன் காரில் மலையேறினோம். நண்பகல் வேளை, நல்ல வெயில். மலையில் பெட்ரோல் கிடைக்காமற் போனால் என் செய்வது என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே பங்கில் குழாய் தானே நின்ற பின்னரும், "இன்னும் கொஞ்சம் ஊற்று, தம்பி" என்று கழுத்தளவு நிரப்பச் செய்தேன். அது என் நெடுநாளைய வழக்கம்.

ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் வளைவுகள் மிகுதி. பெருமாள்மலையை நெருங்கும்போது காருக்குள் பெட்ரோல் நெடி வீசியது. பேத்தி, "தாத்தா, தலை சுற்றுகிறது" என்று கூறி வாந்தியெடுத்தாள். வளைவுகளின் விளைவு என்று நான் சமாதானம் சொன்னேன். வண்டியை நிறுத்தினால் எஞ்சின் துடித்துத் துடித்து ஓடியது. இருமுறை அணைந்தும் போயிற்று.

கொடைக்கானலில் ஒரு பட்டறைக்குச் சென்றோம். கணினியை இணைத்துப் பார்த்தார்கள். அது எக்குறையும் கூறவில்லை. "பெட்ரோல் பம்ப்பாகத்தான் இருக்கும்" என்று தீர்ப்பளித்தவன் நானே. பம்ப்பை மாற்றினார்கள். பணம் சென்றது, நெடி செல்லவில்லை.

இங்குச் சற்று நின்று, அந்த நெடியின் பௌதிகத்தைப் பார்ப்போம். பெட்ரோல் எளிதில் ஆவியாகும் திரவம். வெயிலில் நிற்கும் காரின் டாங்கில் ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் பழனியில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சூடேறிய பெட்ரோலுடன் மேலே செல்லச் செல்ல, வெளியழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் ஆவி முன்னிலும் வேகமாக வெளியேற முனைகிறது.

அவ்வாவியைக் காற்றில் விட்டால் என்ன? அது வெயிலில் வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகிறது. இதனை 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் எடுத்துக்காட்டியவர் ஹாகன்ஸ்மிட் என்னும் விஞ்ஞானி. தரையருகே தோன்றும் ஓசோன் நம் நுரையீரலுக்கும் தீங்கு. சோலைக்காட்டின் இலைகளுக்கும் தீங்கு. ஆகவே கலிபோர்னியாவில் 1970 மாதிரிக் கார்கள் முதல் இவ்வாவியைப் பிடித்துவைக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி, மூடிய அறையில் காரை நிறுத்திச் செய்யும் சோதனையில், வெளிப்படும் ஆவி 2 கிராமைத் தாண்டலாகாது.

அமைப்பு எளியதே. டாங்கிலிருந்து ஒரு குழாய், கிளர்வூட்டிய கரி நிறைந்த குடுவைக்குச் செல்கிறது. கொட்டாங்கச்சியிலிருந்தும் செய்யப்படும் இவ்வகைக் கரியின் ஒரு கிராமில், நுண்துளைகளின் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர் வரை உண்டு. ஆவி அதில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது, கணினி 'பர்ஜ் வால்வு' என்னும் சிறு கதவைத் தக்க நேரத்தில் திறக்கும். எஞ்சின் அவ்வாவியை உறிஞ்சி எரித்துவிடும். குடுவையின் மறுபுறம் வெளிக்காற்று நுழைய ஒரு வழி உண்டு. அவ்வழி அடைபட்டாலும் கேடுதான். 2011-இல் மாஸ்டா நிறுவனம், வட அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் என்ன தெரியுமா? அக்காற்றுவழியில் சிலந்திகள் வலை பின்னியிருந்தன!

மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன். இளைஞர், என் மாணவனாக இருந்திருக்கக்கூடிய வயது. அவர் கருவியை எடுக்கவில்லை, வினாவை எடுத்தார்.

"பெட்ரோல் போட்டவுடன் வண்டி கிளம்பச் சிரமப்படுகிறதா, ஐயா?"

"ஆம், இன்று காலையும் அப்படித்தான்."

"டாங்கைக் கழுத்து வரை நிரப்புவீர்களோ?"

நான் தலையசைத்தேன்.

முதலில் டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தார், வெடிப்பில்லை. குழாய்களை எலி கடித்திருக்கிறதா என்று நோக்கினார், இல்லை. பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, பர்ஜ் வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்தார். குளிர்ந்த எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது அக்கதவு மூடியிருக்க வேண்டும். ஆனால் விரலை அது உறிஞ்சியது. விரலால் நன்றாக அடைத்ததும் எஞ்சினின் துடிப்பு நின்றது. வால்வைக் கழற்றி, வெள்ளைத் துணிமேல் தட்டினார். கருந்தூள் உதிர்ந்தது. இறுதியில் கரிக்குடுவையைக் கழற்றிச் சாய்த்தார், பெட்ரோல் சொட்டியது.

சங்கிலி முழுவதும் விளங்கிற்று. கழுத்தளவு ஊற்றியபோதெல்லாம், ஆவி செல்லவேண்டிய குழாயில் திரவமே சென்றது. நனைந்த கரி நொறுங்கித் தூளாயிற்று. தூள் வால்வில் சிக்க, கதவு மூடவில்லை. கரியால் ஆவியைப் பிடிக்க இயலவில்லை, நெடி வீசியது. மூடாத கதவின் வழியே வேண்டாதபோதும் ஆவி புகுந்ததால் எஞ்சின் திணறியது. கணினி ஏன் மௌனம் சாதித்தது? அவ்வால்வின் மின்சுற்றை மட்டுமே அது கண்காணித்தது, மின்சுற்றில் குறையில்லை. கணினி குறை கூறவில்லை என்பதும், குறை இல்லை என்பதும் ஒன்றல்ல.

குடுவையும் வால்வும் மாற்றப்பட்டன. பழுதின் முதற்காரணத்தை மாற்றவேண்டியவன் நானே. இப்போது குழாய் ஒருமுறை நின்றவுடன், "போதும், தம்பி" என்று சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களே, இச்சோதனைகளை நீங்கள் தனியே செய்து பார்க்கலாகாது. பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த இளைஞரின் முறையை எங்கும் கைக்கொள்ளலாம். இதே கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில்தான், 1909-இல் எவர்ஷெட் என்பார் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகளில் ஒரு சிறு பிறழ்வைக் கண்டு, அங்கு வாயு வெளிநோக்கிப் பாய்வதை உணர்ந்தார். சூரியனாயினும் சரி, காராயினும் சரி, முதலில் நோக்கல், பிறகு வினாவல், ஒவ்வொன்றாகச் சோதித்தல், அதன்பின்னரே தீர்ப்பு.

அன்று வளைவுகளின்மேல் பழியைப் போட்டேனே, என் பேத்தியின் சொல்லைச் செவிமடுத்திருந்தால் ஒரு பம்ப்பின் விலை மிஞ்சியிருக்கும். முதல் அறிகுறியை உணர்ந்து சொன்னவள் அவளே.